ஒற்றைக் கம்பி

மூஞ்சிக்கல்லில் மோட்டார் சுற்றுகிறவரிடம்
எடை போட்டு வாங்கினேன்
எனாமல் பூசிய செப்புக் கம்பி,
தேன் நிறம்.
வத்தலக்குண்டில் புனல் செய்யச் சொன்னேன்.
தகரம் வேண்டாம், செம்புத் தகடு,
வாய் ஒரு முழம், கழுத்து விரல் தடிமன்,
இரண்டு வேண்டும்.
என்னம்மா ஊத்தப் போறீங்க என்றார்.
நானூற்று முப்பத்தைந்து மெகாஹெர்ட்ஸ் என்று
சொல்லியிருக்கலாம்.
எண்ணெய் என்றேன்.

என் வீடு பூம்பாறையில், பள்ளத்தில்.
எதிரே மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம்
ஆகாயம் முழுசாக இருக்கிறது.
அதற்கடியில் பழனி, ஆயக்குடி,
ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்பில்
ஹெட்போனோடு அமானுல்லா.
மேட்டில் ஆன்டெனா நட்டாயிற்று.
அதுவரை கறுப்புக் கேபிள் இழுத்தால்
பத்து வாட் புறப்பட்டு
வழியெல்லாம் கேபிளுக்கே சூடு கொடுத்துவிட்டு
மேலே போய்ச் சேர்வது
மின்மினிக்கும் காணாது.

கேபிளில் இரண்டு பேர்,
உள்ளே ஒருவர், சுற்றி ஒருவர்.
இதில் ஒரே கம்பி.
கேபிளின் சடையைப் புனலின் கழுத்தில் பற்றவைத்து
நடு நரம்பைக் கம்பியோடு சேர்த்துவிட்டால்
அலை புனலின் வாய் வரைக்கும்
செம்பைப் பிடித்துக்கொண்டு வரும்.
அப்புறம் கையை விட்டுவிடும்.
கம்பியின் தோல்மேல் போகும்,
சுற்றிலும் ஒரு சாண் காற்றைக் கூட்டிக்கொண்டு.
மேட்டில் இன்னொரு புனல் வாய் திறந்து
வாங்கிக்கொள்ளும்.
வளைய மட்டும் கூடாது.
வளைந்தால், கொண்டை ஊசியில்
பிரேக் பிடிக்காத லாரிதான்.

அறுபது மீட்டர்,
குழந்தையம்மாளின் பூண்டுப் பாத்திகளுக்கு மேலே,
தூண்டில் நரம்பில் கட்டி,
ஊஞ்சலாடாமல்.
மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று.
நான்காவதில் அமானுல்லா,
கேபிள் காலத்தில் என்னை
இருமலா பேச்சா என்று கேட்டவர்,
ஐந்து, ஒன்பது என்றார்.
இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.
கேட்காமல் அல்ல.

கம்பியில் கொண்டைக்குருவி உட்கார்ந்தால்
மீட்டர் முள் ஒரு மயிரிழை சாயும்.
பறந்தால் நிமிரும்.
ஜன்னல் திறக்காமலே தெரியும்.

புரட்டாசியில் ஒரு நாள் பதினோரு மணிக்கு
முள் மொத்தமாகப் படுத்துவிட்டது.
அமானுல்லா இல்லை. கொய்யாத் தோப்பு இல்லை.
கம்பி அறுந்ததென்று ஓடினேன்.
அறவில்லை.
நட்ட நடுவில்
நனைந்து கனத்த பச்சைச் சேலை,
பக்கத்தில் குழந்தையம்மாள்
பாவாடையைப் பிழிந்துகொண்டு.

கரண்டு இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க.

சொன்னேன்தான்.
சொன்னது சரியுமில்லை, தப்புமில்லை.
என்ன சொல்வதென்று நிற்கையில் அவரே கேட்டார்:
போறதுக்கு ஒரு கம்பி, சரி. வர்றதுக்கு?
இதே கம்பிதான்.
அப்ப எதிரெதிரா வந்தா இடிச்சுக்காதா?
ஒருத்தர் பேசி முடிச்சு ஓவர் சொல்லணும்,
அப்புறம்தான் அடுத்தவர்.
அட, என்றார். எங்க வீட்டுல
அது நடக்காதே.

எடுங்க என்று சொல்ல வாயெடுத்தவள்
கொஞ்சம் இருங்க என்றேன்.
கீழே ஓடி நோட்டை எடுத்து வந்தேன்.
பிறகு சாயங்காலம் வரை
நான் மீட்டருக்கும் அவர் கம்பிக்குமாக,
போடுங்க, எடுங்க, உதறிப் போடுங்க.
பாத்தியில் களை அப்படியே கிடந்தது.
கடைசியில் அவர்தான் கேட்டார்,
கம்பளி பார்க்கலையா?

நோட்டில் அன்றைக்கு இருப்பது:
பருத்திச் சேலை, ஈரம்: பதினான்கு டெசிபெல் இழப்பு.
அதுவே காய்ந்தபின்: ஒன்றரை.
பாவாடை, ஈரம்: ஒன்பது.
கம்பளி, காய்ந்தது: ஒன்று.
குருவி: அரைக்கும் கீழே.
மூடுபனி: ஐந்தே முக்காலுக்கு இறங்கியது,
எனாமல் முழுக்கத் துளி,
முள் மெதுவாக, மெதுவாக,
ஆறு மணிக்குக் கம்பியே தெரியவில்லை,
குழந்தையம்மாளும் தெரியவில்லை,
பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.
ஓவர் என்று குரல் வந்தது.