கதிரை

பீல் நகரத்தில் அன்று பனிமூட்டம்.
ஏரி இருக்க வேண்டிய பக்கத்தில் ஏரி இல்லை.
நான்காம் மாடியில் ஹெர் லூகின்பூல்
என் கையைக் குலுக்கியபடியே சொன்னார்:
"உங்களுக்கு முன்னர் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டார்கள்."

கைக்கடிகாரத் திருகாணி செய்கிற கம்பெனி.
கண்ணுக்கு எட்டாத சாமானை
எண்ணி எண்ணி விற்கிறவர்கள்.
இணையம் மட்டும் அவர்கள் கணக்குக்குள் வராமல்
நினைத்தபோது போனது, நினைத்தபோது வந்தது.

அதை மத்தியானத்துக்குள் பிடித்துவிட்டேன்.
மேசைக்கு அடியில் வயர்கள் இடியப்பம்.
யாரோ ஒரு நல்ல மனசு
அந்தரத்தில் தொங்கிய முனையொன்றைப் பார்க்கப் பொறுக்காமல்
பக்கத்து ஓட்டையில் சொருகியிருக்கிறது.
அந்தப் பெட்டிக்கு யாராவது மின்சாரம் கொடுக்கும்போதெல்லாம்
தான் சொன்னதைத் தானே கேட்டு
தனக்கே பதில் சொல்லி
மாடி முழுவதையும் பைத்தியமாக்கியிருக்கிறது.
பிடுங்கினேன். அவ்வளவுதான்.
பில்லில் அது ஒரே ஒரு வரி.
அதன் வலப்பக்கத் தொகையைப் பார்த்து
லூகின்பூல் இருமினார்.

கூட்ட அறைத் திரை வேறு சாதி.
பேச்சு நடுவில் கறுக்கும். மூன்று விநாடி.
பிறகு ஒன்றும் நடக்காதது போல வெளிக்கும்.
கேபிள் மாற்றியிருக்கிறார்கள், திரையை மாற்றியிருக்கிறார்கள்,
லப்டொப்பை, கம்பெனியை, கடைசியில்
பிரெஞ்சுக்காரர்கள் ஜெர்மன்காரர்களையும்
ஜெர்மன்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களையும்
குறை சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

யாருடைய கலியாணம் என்று தெரியாத விருந்தாளியாய்
கூட்டத்தில் ஒரு மூலையில் இருந்தேன்.
திரையில் ஒரு வரைபடம், கீழ்நோக்கி.
லூகின்பூல் இரண்டு பாஷையிலும் மெதுவாகச் சொன்னார்:
பதினொரு பேர்.
திரை கறுத்தது.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.
எனக்குச் சம்பளம் திரைக்கல்ல, காரணத்துக்கு.
நான் ஆட்களைப் பார்த்தேன்.
மதாம் ஜன்ரே எழுந்து ஜன்னலோரம் போயிருந்தாள்.
குறித்துக்கொண்டேன்: 10.42, எழுந்தாள், கறுத்தது.
10.44, இருந்தாள். கறுத்தது.

அறை காலியானதும்
அவளுடைய இடத்தில் இருந்தேன், எழுந்தேன்.
இருந்தேன், எழுந்தேன்.
நாற்பத்தாறு வயதில், மணிக்கு நூற்று எண்பது பிராங்குக்கு,
பிள்ளையார் இல்லாத ஊரில் தோப்புக்கரணம்.
பதினேழு தரம் கறுத்தது திரை.

பாரம் இறங்கும்போது, ஏறும்போது
அடியில் உள்ள காற்றுக்குழாயில் பிறக்கிறது
ஊசிமுனை அளவு மின்பொறி.
காதில் விழாது, கண்ணிலும் படாது.
வயர் மட்டும் அதை வாங்கிக்கொண்டு திடுக்கிடும்.

எங்கள் பாஷையில் நாற்காலிக்குக் கதிரை என்று பெயர்.
சின்ன வயதில் இருந்து அதில் இருந்து வருகிறேன்.
உள்ளே ஒரு கதிர் இருக்கும் என்று
ஒருநாளும் தோன்றியதில்லை.

கழுத்துத் துணியை மறந்துபோய்
மதாம் ஜன்ரே திரும்பி வந்தபோது
பதினெட்டாம் தரம் எழுந்துகொண்டிருந்தேன்.
விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று,
உடைந்த பிரெஞ்சில், மிச்சத்துக்குக் கையால்.

"அப்படியென்றால் மூன்று வருடமாக நானா?"
"நீங்கள் இல்லை. உங்கள் கதிரை."
"அவர் பேசத் தொடங்கினால் எனக்கு முதுகு நோகும்," என்றாள்,
"அதனால் எழும்புவேன்."
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"வியாழக்கிழமை பெயர்களை அந்தத் திரையில் போடுவார்கள்.
திருத்த எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

என் பையில் ஃபெரைட் வளையங்கள் இருந்தன.
ஒன்று இரண்டு பிராங். வயரின் கழுத்தில் மாட்டினால்
பொறி அதோடு அடங்கிவிடும். நாலு நிமிட வேலை.

"சாமான் ஓடர் பண்ண வேண்டும்," என்றேன்.
"வெள்ளிக்கிழமைதான் வரும்."

துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு
அவள் ஒரு தரம் தன் கதிரையில் இருந்தாள்.
எழுந்தாள்.
திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அறிக்கையில் எழுதினேன்: காரணம், தளபாடம்.
படியிறங்குகையில் பைக்குள் வளையங்கள்
கிலுகிலுத்துக்கொண்டே வந்தன.