உரம்

நுவரெலியா மேல் நீதிமன்றத்தில் எனக்கு வேலை
சொல்லை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சுமப்பது.
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்று
பதினொரு வருடத்துக்கு முன் சத்தியம் செய்தவள்.

இன்று கூண்டில் சந்திரபோஸ்.
லோவர் டிவிஷன். மருந்தடிக்கிற வேலை.
பெயரைக் கேட்டதுமே இன்ஸ்பெக்டர் சிரித்தாராம்.
அப்பா ஆசைப்பட்டு வைத்தது, ஐயா.
அதையும் எழுதிக்கொண்டார்கள்.

லயத்துக் காம்பராவில் எடுத்தது
அரை மூட்டை யூரியா,
லீக்ஸ் பாத்திக்கு வாங்கியது.
கடைச் சீட்டு இருந்தது,
இப்போது கோப்பில் இல்லை.

ஒரம் சார், என்றிருக்கிறான்.
பொஹொர என்று எழுத எத்தனை நேரம் ஆகும்?
வாக்குமூலத்தில் இருப்பது வேறு சொல்,
வெடிக்கிற சொல்.
கீழே அவனது இடது பெருவிரல்.
வாசிக்கத் தெரியாத எழுத்தில்
தன்னையே காட்டிக்கொடுத்துப்
பதினாறு மாதம் உள்ளே இருக்கிறான்.

நீதிபதிக்குத் தெரியாத ஒன்று உண்டு.
கொழும்பில் அந்த பஸ் வெடித்தபோது
உள்ளே என் தம்பி கதிரேசு இருந்தான்,
புடவைக்கடைச் சம்பளத்தில்
அம்மாவுக்கு வாங்கிய ஸ்வெட்டரோடு.
ஸ்வெட்டர் கிடைத்தது.
சொன்னால் என்னை இந்த வழக்கிலிருந்து மாற்றிவிடுவார்கள்.
சொல்லவில்லை.

ஆகவே அரசு பொறுமையாகப் போகட்டும் என்று
எனக்கு வாய் வராது.
பிடியுங்கடா, கதவை உடைத்தாவது பிடியுங்கள் என்று
ஒரு ராத்திரி முழுக்கக் கத்தியவள் நான்தான்.

உடைந்தது சந்திரபோஸ் வீட்டுக் கதவு.

எனக்குக் கணக்குக் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டான்,
பொருந்தினான்.
கோப்பைக் கட்டினார்கள்.
பையை வைத்துவிட்டு இறங்கிப் போனவன்
எங்கேயோ பாண் வாங்குகிறான்,
மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்கிறான்.
பதினாறு மாதமாக அவனை
ஒருத்தரும் தேடவில்லை.

அரசுக்கு உரம் வேண்டும், மறுக்கவில்லை.
ஒரு கடைச் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருக்க
எவ்வளவு உரம் வேண்டும்!
இரண்டு மொழியிலும் ஒரே கேள்வியைக் கேட்க,
தொலைக்காட்சிக்காரர்கள் வாசலில் நிற்கும்போதே
'இவன் இல்லை' என்று சொல்ல,
மறுநாள் காலை
வெறும் கையோடு மறுபடி தேடப் புறப்பட.

நீதிபதி கண்ணாடியைத் துடைக்கிறார்.
வாசியுங்கள், அம்மா.

அந்தச் சொல் ஏழாவது வரியில் இருக்கிறது.
ஆறு வரி முடித்துவிட்டேன்.
ஜன்னலில் ரேஸ்கோர்ஸ் பக்கமிருந்து மூடுபனி.
என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்
சந்திரபோஸ்.