ஈதர் கொதிக்கும் ஊர்

ஈதரின் கொதிநிலை
முப்பத்து நான்கு புள்ளி ஆறு.
அறை வெப்பநிலையில் திரவம் என்கிறது பாடப்புத்தகம்.
எந்த அறை?

ஏப்ரல் இருபது, மத்தியானம் இரண்டு மணி, வேலூர்.
கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் வெப்பமானி
முப்பத்தொன்பதில் நிற்கிறது.
பர்னர் எதுவும் எரியவில்லை.
(எரிந்தால் ஹெப்சிபா மேடம் எங்களை எரிப்பார்.)
பீரோவிலிருந்து பாட்டிலை எடுத்துவருவதற்குள்
மூடியை உள்ளிருந்து தட்டுகிறது ஈதர்.

முனிரத்தினம் அண்ணன் கரும்புச்சாறுக் கடைக்குப் போய்
கோணியில் சுற்றிய ஐஸோடு வந்தார்,
படியெல்லாம் ஈரக் கோடு.
"இன்னாம்மா பாத்துக்கினு கீறீங்க,
பாதி தண்ணியா பூட்ச்சி. சீக்கிரம் வைங்க."
ஐஸில் ஒரு ஈ உறைந்திருந்தது.
தஸ்லீம் அதைப் பார்த்து "பாவம்" என்றாள்,
பிறகு உடைத்தாள்.

பிரிபுனலில் மேலே ஈதர், கீழே தண்ணீர்.
குலுக்கு. கவிழ். குழாயைத் திற.
உஸ்ஸென்று ஒரு மூச்சு.
மூடு. மறுபடி குலுக்கு.
"எங்க அக்கா கொழந்தைக்கு
ஏப்பம் எடுக்கற மாதிரியே கீதுடி" என்றாள் தஸ்லீம்.
சிரித்ததில் கை நழுவி
மேல் அடுக்கில் பாதி மேசையில் விழுந்தது,
துடைக்கத் துணி எடுப்பதற்குள்
மேசை காய்ந்திருந்தது.

முதல் செமஸ்டரில் அணுக்கள்
வைத்த இடத்தில் இருந்தன.
இப்போது எல்லாம் கிளம்பிவிட்டன:
வளைந்த அம்பு போட்டு
எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டணும்.
நான் போகிற இடத்திலிருந்து தொடங்கிவிடுவேன்.
இரண்டு மார்க், ஒவ்வொரு தடவையும்.

அன்று காலை வகுப்பில்
உள்ளங்கைகளைப் பார்க்கச் சொன்னார் மேடம்.
கண்ணாடியில் பொருந்தும்,
ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் பொருந்தாது,
கையுறையை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.
இந்த ஊரில் கையுறைக்கு எங்கே போவது?
நான் ராணிப்பேட்டை ஷூ கம்பெனியை நினைத்தேன்.
ஏழு வருடமாக அம்மா தைப்பது
இடது கால் மட்டும்.
வலது கால், எதிர் வரிசையில் பச்சையம்மா அக்கா.
ஒரே தோல், ஒரே நூல்,
எண்ணினால் ஒரே அளவு துளை.
சீட்டுப் பணத் தகராறில்
இருவருக்கும் மூன்று மாதமாகப் பேச்சில்லை,
கம்பெனி வேனில்
ஆளுக்கொரு ஜன்னல்.
சரிபாதி கலந்தால் ஒளியை எந்தப் பக்கமும் திருப்பாது
என்று மேடம் சொன்னபோது
நோட்டின் ஓரத்தில் எழுதினேன்:
ஒரு ஜோடி.

மிஞ்சியது பென்சாயிக் அமிலம்,
வடிதாளில் ஊசி ஊசியாக, கொஞ்சம்.
உருகுநிலை நூற்றிருபத்தொன்று, சுத்தம்தான்.
விளைச்சல் பதினொரு சதவீதம்.
"மீதி எங்கே?" என்று கேட்டார் மேடம்.
தஸ்லீம் மேசையைப் பார்த்தாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்,
வெளியே மரமில்லாத மலை
வெயிலில் பேசாமல் நின்றது.

பழைய ரெக்கார்டு நோட்டுகளில் எல்லாரும்
அறை வெப்பநிலை இருபத்தைந்து என்றே எழுதியிருந்தார்கள்,
அப்படியே ஆறு பேட்ச்.
நான் முப்பத்தொன்பது என்று எழுதினேன்.
சிவப்பு மையில் அதைச் சுற்றி ஒரு வட்டம்.
தப்பென்றும் இல்லை, சரியென்றும் இல்லை,
கீழே கையெழுத்து.

பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது
துப்பட்டாவில் இன்னும் ஈதர் வாசம்.
பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து முன்னால் போனார்.
வீட்டில் அம்மாவின் புடவையில் பசை வாசம்.
"இன்னாடி இது?"
"ஈதர்."
"எங்க சொல்யூஷன விட மோசமா கீதே."

அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில்
பென்சிலால் திருத்தியிருந்தார்கள்:
ஈதர் பிராக்டிகல், காலை எட்டு மணி.
தஸ்லீம் என் தோளில் ஒரு அடி வைத்தாள்.
லாலாப்பேட்டையிலிருந்து எங்கள் பஸ் கிளம்புவதே
எட்டே காலுக்கு.