ஏழாம் துண்டு

பன்னிரண்டு துண்டில் பதினொன்று வந்துவிட்டது.
ஏழு இல்லை.

இரவு ஒன்றரை. டவுன்ஹால் ரோட்டு மாடியில்
ஜாபர்தீன் கடையின் மோடம்
முள் சிக்கிய பூனைபோல் இழுத்து இழுத்துக் கத்துகிறது,
பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது.
கீழே பரோட்டாக் கல்லில்
கடைசிக் கொத்தும் அடங்கிவிட்டது.

காலை ஆறுக்குள் முந்நூறு சுவரொட்டி.
இறந்தவர் ஞானஒளிவு,
வாழைக்காய் மண்டியில் கணக்கெழுதியவர்.
எழுத்துரு இருந்த ஃப்ளாப்பிக்குப் பூஞ்சை பிடித்த
இந்த வாரம் பார்த்தா போவார் மனுஷன்
என்கிறார் முதலாளி வாலகுருநாதன்.
துக்கமா எரிச்சலா, குரலில் பிரிக்க முடியவில்லை.

செய்திக்குழுவில் யாரோ ஒரு புண்ணியவான்
தமிழ் எழுத்து அத்தனையையும்
அறுத்து, உருமாற்றி, போட்டு வைத்திருக்கிறான்.
திறந்தால் தமிழ் இல்லை.
ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், டாலர், ஆச்சரியக்குறி,
சந்தை கலைந்த தரைபோல.
உள்ளபடியே ஏற்றினால் வழியிலேயே நொறுங்கும்க்கா,
மூணு பைட்டை நாலு எழுத்தாக்கித்தான் அனுப்பணும்
என்றான் ஜாபர்.
மூன்றைச் சுமக்க நாலு.
எதைத் தூக்கவும் நாலு பேர் வேண்டும்தானே, என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

வரிக்கு வரி முதலெழுத்து எம்.
நாற்பத்தைந்து பைட்டும் நிறைந்த வரி என்று அடையாளமாம்.
நான் தமிழாகவே படித்துக்கொண்டு போனேன்:
எம். எம். எம்.
எம் எழுத்து. எம் சுவர். எம் செத்தவர்.
கடைசி ஒரு வரி குறைவரி,
அதற்கு மட்டும் வேறு தலை.

ஏழு மட்டும் மறுபடி அனுப்புங்கள் என்று கேட்டுப் போட்டோம்.
வெயில் அடித்துக்கொண்டிருந்த நாடுகளிலிருந்தும்
பதில் இல்லை.

இரண்டரைக்கு ஜாபர் ஒரு பொய் ஏழு செய்தான்.
ஆறில் எத்தனை வரி என்று எண்ணி
அதே கணக்கில்
எம் என்று தொடங்கி அறுபது வெற்றுக்குறி,
எம், அறுபது வெற்றுக்குறி.
ஒன்றும் இல்லை என்பதைக்கூட
அளந்துதான் வைக்கவேண்டியிருக்கிறது,
ஒரு வரி குறைந்தால்
எட்டிலிருந்து எல்லாமே இடம் மாறி உட்காரும்.

சேர்த்தான். அவிழ்த்தான்.
க வந்தது. ண வந்தது. ழ, வளைவு கெடாமல்.
கிரந்தம் நாலும் காணோம், இன்றைக்கு அது வேண்டாம்.
ஞ இருந்த இடத்தில் வெள்ளை.

கண்ணீர் என்று அடித்தேன், தெரிந்தது.
அஞ்சலி என்று அடித்தேன்:
அ, ஒரு பள்ளம், பள்ளத்தின் மேல் புள்ளி, சலி.
பெயரின் வாசலில்
ஆளில்லாமல் துணைக்கால் மட்டும் நின்றது.

சிம்மக்கல்லில் மூன்று மணிக்கு இயந்திரம் ஓடியது.
ஈரம் காயாத தாளை வாலகுருநாதன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க
நான் மூன்றாம் நம்பர் தூரிகையோடு தரையில்.
தாளுக்கு இரண்டு ஞ.
முந்நூறு தாள்.
நூறில் கை பழகிவிட்டது.
நானூறில் அது எழுத்தாகவே தெரியவில்லை,
ஒரு கொக்கி, ஒரு வயிறு, ஒரு வால்.
ஒன்று இன்னொன்றைப்போல் இல்லை,
சில தாளில் அவர் கொஞ்சம் குண்டாகக்கூட இருந்தார்.

மதியம் ஜாபர் ஆளனுப்பினான்.
ஏழு வந்திருக்கிறது.
அனுப்பியவனுக்குத் தமிழ் தெரியாது,
தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று ஒரு வரி, அவ்வளவுதான்.
மேல மாசி வீதியில் அதற்குள் பசை காய்ந்துவிட்டது.

சேர்க்குமுன் அந்தத் துண்டை மட்டும் திறந்தேன்.
எம், எம், எம், எம்.
விரலைத் திரையில் வைத்து இறங்கினேன்.
கமா, ஒன்பது, டாலர், ஒரு பெரிய கியூ.
இதில் எங்கே இருந்தாய் நீ, எந்த வரியில்?
பதினெட்டாவது வரிமேல் எனக்குச் சந்தேகம் வந்தது.
அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, நேரம் ஓடுது, என்றான் ஜாபர்.
மணிக்கு அறுபது ரூபாய்.