வாக்கெண்ணி

கூடைப்பந்து வளையத்தைச் சுவரோடு மடித்துவிட்டு
பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில்
நூற்றிருபது நாற்காலி போட்டிருக்கிறார்கள்.
மூஸ்லிகனில் மொத்தமே நானூற்றுப் பன்னிரண்டு பேர்,
தொட்டிலில் கிடப்பவர்களையும் சேர்த்து.

இடதுபக்கத்து மூன்று வரிசை என் பொறுப்பு.
ஒரு பென்சில் தந்தார்கள்.
அழிறப்பர் தரவில்லை.

ரெகுலா செம்ப் எழுந்து கணக்குச் சொல்கிறார்:
ஊர்ச் செயலாளருக்கு நாற்பது வீத வேலை,
செவ்வாயும் வியாழன் முற்பகலும் மட்டும் திறக்கும் கதவு.
சபையில் ஐந்து ஆசனம், இரண்டு வருடமாய் இரண்டு காலி;
கேட்டுப் போன வீடுகளில் கோப்பி கொடுத்து அனுப்பினார்கள்.
பனி தள்ளும் வண்டி நாலு ஊருக்கும் நாலு,
வர வரப் பனியோ ஒரு வண்டிக்கே காணாது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்,
நாலு ஊர் ஒன்றுபட்டால் யாருக்கு?
முன்வரிசையில் கணக்காய்வாளர்
தொண்டையைச் செருமிக்கொண்டார்.

புதுப் பெயர் ஹால்ட்டால்.
ஆவணியில் வற்றிப்போகும் ஓர் ஓடை.
நாலு ஊருக்கும் சமமாகப் பிடிக்காததால்
நாலு ஊரும் ஒத்துக்கொண்ட பெயர்.

மாடு வைத்திருக்கும் பேயாட் எழுந்தார்:
தண்ணீர்த் தொட்டித் திறப்பு இனி யாரிடம்?
பதினாறு கிலோமீற்றர் தள்ளி அலுவலகத்தில்,
இலக்கமிட்ட ஆணியில் தொங்கும் என்றார்கள்.
குழாய் வெடிப்பது இரவில், என்று சொல்லி
உட்கார்ந்துவிட்டார்.

பதினொரு வருடத்துக்கு முன்
இந்தக் கதவுக்கு வெளியே நின்றேன்,
பிள்ளைகளின் சப்பாத்துப் பைகள் தொங்கும் இடத்தில்.
என்னைக் குடிமகளாக்குவதா என்று பேசும்போது
நான் உள்ளே இருக்கக் கூடாது.
எண்ணுகிற குரல் மட்டும் கேட்டது.
முப்பத்தொன்றுக்கு இருபத்தெட்டு.
அந்த இருபத்தெட்டுப் பேர் யாரென்று கேட்கவில்லை;
பஸ் தரிப்பில் எல்லோருக்கும் ஒரே அளவில் வணக்கம் சொல்லிவந்தேன்.

இந்த நாட்டுக் கடவுச்சீட்டில்
பிறந்த ஊருக்கு இடமில்லை.
உரித்தூர் என்று ஒரு வரி இருக்கிறது.
என்னுடையதில் மூஸ்லிகன்.
மூன்று வாக்கில் ஒட்டிய சொல்.

ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம்.

பதினெட்டு.
திரும்பவும் எண்ணினேன், பதினெட்டு.
ஊர்கள் இல்லாமல் போனதை முன்பும் கண்டிருக்கிறேன்;
அங்கே எவரும் கையை உயர்த்தச் சொல்லவில்லை.
வலக்கையில் பென்சில்.
இடக்கையைத் தூக்கி
பத்தொன்பது என்று எழுதினேன்.

அறுபது, ஐம்பது, வாக்களிக்காதோர் மூவர்.
எழுநூறு வருடத்து ஊர், நாலு நிமிடம்.
என் ஒருத்திக்கு அன்று ஏழு நிமிடம் எடுத்தது.

நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்க வேண்டும்.
பேயாட் பக்கத்தில் வந்து நின்றார்.
அன்றைக்கு நான் எதிர்த்துத்தான் போட்டேன், என்றார்.
எதற்கு?
உங்களுக்கு.
இன்றைக்கு?
இன்றைக்கும் எதிர்த்துத்தான்.

சரி, அந்தப் பக்கம் பிடியுங்கள், என்றேன்.
பிடித்தார்.