பின்னட்டைக் குறிப்பு

எண்பது சொல் போதும் என்கிறார் பதிப்பாளர்.
எழுபத்தொன்பது வருஷம் வாழ்ந்த மனுஷன்.

அமெரிக்காவில், தோல் பதனிடும் ஊரொன்றில் பிறந்தார் என்று எழுதிவிட்டு
ஜன்னலைச் சாத்துகிறேன்.
மணலிக் காற்று திரும்பிவிட்டது.
கொடியில் மெர்லினின் யூனிபாரம்,
இன்னொரு தடவை அலசணும்.

பத்தொன்பது நாவல். இரண்டு பெரிய பரிசு. மூன்று கல்யாணம்.
குடியை விட்டது ஒருமுறை, தொட்டது பலமுறை.
இதைத் தண்டையார்பேட்டையில் விளக்க வேண்டியதில்லை.

பனியைப் பற்றியே முந்நூறு பக்கம் எழுதியவர்.
நான் பார்த்த பனி
காசிமேட்டு ஐஸ் மிஷினில் உடைவது.
விடியற்காலை வஞ்சிரத்தின் மேல் சரசரவென்று கொட்டுமே,
அந்தச் சத்தத்தில்தான்
அவர் ஊர் டிசம்பர் முழுக்கத் தமிழில் பெய்தது.

ஆங்கிலக் குறிப்பில் கடைசிக்கு முந்தின வரி:
பதினோரு நாவல்களை முதல் மனைவி தட்டச்சு செய்தார்.
பெயர் இல்லை.

தேடினேன்.
பழைய பேட்டி ஒன்றில், போகிறபோக்கில்,
சமையல் மேஜை, ராத்திரி, குழந்தைக்குக் காய்ச்சல்,
எட்னா.

ஆல்பர்ட் நைட் ஷிஃப்ட் போய்விட்டான்.
கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.
தோல் ஊரை எடுத்தேன்.
இரண்டு பரிசையும் ஒரே வரியில் நெருக்கி உட்காரவைத்தேன்.
எட்னாவை முதல் வரியில் போட்டால் பொய்யாகிவிடும்.
அவர் செத்த தேதிக்குப் பக்கத்தில்
கொஞ்சம் இடம் இருந்தது.

எண்ணிப் பார்த்தேன். எண்பத்தொன்று.
சொல்லுக்கு அறுபது பைசா.
போகட்டும்.