ஒன்றை மட்டும் எழுதவும்

படிவத்தில் ஒரு கோடுதான் விட்டிருந்தது.
"வலைப்பந்தை விடும், கோலூன்றிப் பாய்தல் எண்டு எழுதும்.
ஆற்றில ஒரு கால் சேற்றில ஒரு கால் சரிவராது"
என்றார் சுபேந்திரன் சேர்.
அளவெட்டியில் ஆறு ஏது என்று நான் கேட்கவில்லை.
வழுக்கியாறும் மாரிக்கு மட்டும்தான்.

எழுதினேன்.
பதினைந்து வயதுக் கையெழுத்து, கொஞ்சம் சரிவாக.

ஆவணிக்குள் மூன்று மீற்றர் பத்து.
பேப்பரில் படம். அப்பா லமினேற் செய்தார்.
அதற்குப் பிறகுதான் இடது கணுக்காலுக்கு மேலே
ஓர் இடம், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடம்,
இரவுகளில் தனியாக விழித்திருந்தது.
"எப்பவும் இந்தக் காலாலதான் எழும்புறனீரோ?"
எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்தபடி
தெல்லிப்பளை டொக்டர்.
எப்பவும்.

ஆறு கிழமை ஓய்வு.
வாங்கில் இருந்து பார்க்கிறேன்:
என் பழைய சட்டையில் நிதுர்சிகா.
ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கணம் பிந்துகிறாள்.

சேர் பிழை என்று சொல்ல மாட்டேன்.
இரண்டையும் பிடித்திருந்த யதுசாவின் பெயர்
எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆனால் அந்த மூன்று பத்தில்,
குறுக்குத்தடிக்கு மேலே, கோலை விட்ட பிறகு,
என் கைகள் இரண்டும் விரிந்து உயர்ந்தன.
படத்தில் இருக்கிறது, பாருங்கள்.
யாரோ எறிந்த பந்தை
மறிக்கப் போன கைகள்.